சென்னைக் கரையில் அலைச்சறுக்கு: புதிதாகக் கற்பவருக்குத் தனிப் பயிற்சி நல்லதா, குழுப் பயிற்சி நல்லதா?

வாசுகி, அடையாறு

என் வயது நாற்பதைத் தொடுகிறது. நீச்சல்குளத்தில் நன்றாக நீந்துவேன். கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. அலைச்சறுக்கு (சர்ஃபிங்) கற்றுக்கொள்வதென்று முடிவெடுத்துவிட்டேன், எங்கே கற்பது என்பதில்தான் வீட்டில் வழக்கு. சென்னைக்குத் தெற்கே இருக்கும் கோவளத்துக்குப் போய் ஐந்தாறு பேர் கொண்ட குழுவில் சேர், செலவும் குறைவு என்கிறார் என் கணவர். திருவான்மியூருக்கும் கொட்டிவாக்கத்துக்கும் இடைப்பட்ட கரையில் விடியற்காலையில் சொல்லித்தரும் ஒருவரிடம் தனியாகக் கற்கிறேன் என்கிறேன் நான்.

என் காரணம் இதுதான். குழுவில் பயிற்சியாளர் ஒருவருடைய பலகையை அலையில் தள்ளிவிட்டுத் திரும்பும்வரை மற்றவர்கள் இடுப்பளவு நீரில் காத்து நிற்க வேண்டும். எந்த அலையை விடுவது, எந்த நொடியில் கையூன்றி எழுவது என்பது புதியவருக்குத் தெரியாது. அதைப் பார்த்துச் சொல்லும் கண்களுக்குத்தான் கூடுதல் பணம் கொடுக்கிறோம். நகரக் கரை என்றால் விடிந்ததும் இறங்கி, எட்டரைக்குள் வீடு திரும்பி, அலுவலகம் போய்விடலாம். மாதத்துக்கு ஒருமுறை கோவளம் போய்வருவதைவிட வாரத்துக்கு இருமுறை அருகிலேயே பழகுவது உடம்பில் தங்கும். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்க வேண்டுகிறேன்.

செந்தில்குமரன்

வாசுகி அவர்களே, உங்கள் கணக்கில் நேரம் இருக்கிறது, பணம் இருக்கிறது, கடலைக் காணவில்லை.

சென்னையின் கரை பல இடங்களில் சட்டென்று ஆழமாகிவிடும். அலை கரைக்கு மிக அருகில் வந்து ஒரேயடியாகக் கவிழ்ந்து மணலில் அறையும். புதியவருக்கு வேண்டியது இதற்கு நேர்மாறானது. அலை தொலைவிலேயே உடைந்து, இடுப்பளவு நீரில் நுரையாக நீண்ட தூரம் உருண்டு வர வேண்டும். அந்த நுரை அலையில்தான் முதல் பாடங்கள் எல்லாம். கோவளத்தில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனையை ஒட்டி அலை ஒழுங்காக மடிந்து வருகிறது. அங்கே மீனவர் வீட்டுப் பிள்ளைகளே பயிற்சியாளர்கள். 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நடந்தபோது ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். ஆசியப் போட்டியில் தனிநபர் பிரிவில் இந்தியருக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது. கோவளம், மாமல்லபுரம் கரைகளில் இந்த விளையாட்டு வேர்விட்டுவிட்டது. நீரில் இறங்கினால் உங்களைச் சுற்றிப் பத்துப் பேர் அதே கடலைப் படித்துக்கொண்டிருப்பார்கள்.

நகரக் கரையில் அது உண்டா? மெரினாவில் குளிப்பதற்கே காவல்துறை தடை விதித்திருக்கிறது. பெசன்ட் நகரில் நிற்கும் ஷ்மிட் நினைவகத்தின் கல்வெட்டைப் படித்துப் பாருங்கள். மற்றவர்களைக் காப்பாற்ற உதவி, 1930 டிசம்பர் 30 அன்று அதனருகே மூழ்கி இறந்த டென்மார்க்காரருக்காகக் கட்டியது. பிறரைக் காப்பாற்றப் போனவரையே கொண்டுபோன கரை அது.

அன்பரசு, ஊரூர் குப்பம்

செந்தில் அண்ணா, ஷ்மிட்டைப் பற்றிச் சொன்னீர்கள், மாதத்தையும் சேர்த்துப் படியுங்கள். அது மார்கழி. வாடைக்காற்று வீசும் காலத்தில் எங்கள் அப்பாவே கடலின் முகம் பார்த்துவிட்டு வலையைச் சுருட்டி வைத்த நாட்கள் உண்டு. அந்தக் கடலையும் ஆனி, ஆடி மாதக் காலைக் கடலையும் ஒன்றாகப் பேசக் கூடாது.

சென்னைக் கரை ஆழம் என்று பொதுவாகச் சொல்வதும் பாதிதான் சரி. இந்தக் கரை நகரும் கரை. தென்மேற்குப் பருவத்தில் மணல் வடக்கே போகும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கே திரும்பும். ஆண்டு முழுவதும் கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். துறைமுகத்தின் சுவர்கள் 1870களில் எழத் தொடங்கியபிறகு அந்த மணல் தெற்கே தேங்கித்தான் மெரினா இவ்வளவு அகலமானது. வடக்கே ராயபுரத்தின் பக்கம் கடல் ஊரைத் தின்றது. கடலுக்கடியிலும் இதே கதைதான். முன்வாரம் இடுப்பளவு திட்டாக இருந்த இடம் இந்த வாரம் ஆள் மூழ்கும் பள்ளமாகியிருக்கும். ஆகவே அன்று காலை அந்த இடத்தைப் பார்த்தவர் யார் என்றுதான் நான் கேட்பேன்.

ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள். வரிசையாக அலை உடையும் கரையில் நடுவே ஓரிடம் மட்டும் உடையாமல் அமைதியாகத் தெரியும். மணல் கலங்கிய நிறம் இருக்கும், நுரை கடலை நோக்கிப் போகும். புதிதாக வருபவர்கள் அமைதியாக இருக்கிறதே என்று அங்கேதான் இறங்குவார்கள். கரையில் ஏறிய நீரெல்லாம் திரும்பிப் போகும் வழி அது. ஆளையும் இழுத்துக்கொண்டு போகும்.

மருதநாயகம்

நீச்சல் பயிற்சியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். தனிப் பயிற்சியா குழுவா என்ற கேள்விக்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. நீச்சல்குளத்தில் நீந்துவது கடலில் நீந்துவதாகாது. குளத்தில் கைக்கெட்டும் தூரத்தில் சுவர் உண்டு, கால் ஊன்றத் தரை உண்டு. அலை தலையில் கவிழ்ந்து, எது மேல் எது கீழ் என்று தெரியாத சில நொடிகளில் மூச்சை அடக்கிப் பதறாமல் இருக்கத் தெரிய வேண்டும்.

2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டத்தில், இராஜாக்கமங்கலத்தை அடுத்த கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தார்கள். கடற்பெருக்கு எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்த நேரம் அது. கள்ளக்கடல் என்பார்களே, உள்ளூரில் காற்றே இல்லாத நாளில், வெகுதொலைவில் தென்கடலில் கிளம்பிய அலை கரையேறுவது. ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல்சார் தகவல் மையம் இதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை தருகிறது. பயிற்சிக்கு முந்தைய இரவு அதைப் பார்க்காத பயிற்சியாளரிடம், தனியாகவோ குழுவாகவோ, போக வேண்டாம் அம்மா.

இளவேனில்

வாசுகி அக்கா, நான் உங்கள் பக்கம். தனிப் பயிற்சியில்தான் கற்றேன். இங்கே யாரும் பேசாத ஒரு காரணமும் எனக்கு இருந்தது. நனைந்த உடையோடு கரையேறும் பெண்ணை நம் ஊரில் எப்படிப் பார்க்கிறார்கள் என்று நமக்குத் தெரியும். ஐந்து அந்நிய ஆண்களுக்கு நடுவில் ஒருத்தியாக நின்று, விழுந்து எழுந்து கற்பதற்கு என் மனம் ஒப்பவில்லை. ஒரே ஒரு பயிற்சியாளரோடு, கூட்டம் வருவதற்கு முன் இறங்கி ஏறியதால்தான் என்னால் விடாமல் தொடர முடிந்தது.

கற்பித்ததிலும் வேறுபாடு உண்டு. முதல் நாள் பாதி நேரம் மணலிலேயே போனது. பலகையின் நடுக்கோட்டில் படுப்பது, நெஞ்சை உயர்த்தித் துடுப்புப் போடுவதுபோல் கைபோடுவது, விலாவருகே உள்ளங்கையை ஊன்றி ஒரே வீச்சில் எழுவது. நான் முழங்காலை ஊன்றி எழுகிறேன் என்பதைக் கவனித்து, அது போகும்வரை அவர் என்னை நீரில் இறக்கவில்லை. எனக்கு வலக்கால் முன்னே வரும் என்பதையும் அவர்தான் கண்டுபிடித்தார். குழுவில் எல்லோரையும் இடக்காலை முன்வைக்கச் சொல்லிவிடுகிறார்கள் என்று என் தோழிகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

செந்தில்குமரன்

இளவேனில், கூச்சத்தைப் பற்றி நீங்கள் சொன்னதை மறுக்கமாட்டேன். பெண்களுக்கு மட்டுமான குழுவும் பெண் பயிற்சியாளரும் அதற்கு விடை. ஆளரவமற்ற கரையில் அறிமுகமில்லாத ஓர் ஆணோடு தனியாக இறங்குவது எப்படிப் பாதுகாப்பு ஆகும்?

எல்லோரையும் இடக்காலை முன்வைக்கச் சொல்லும் குழு மோசமான குழு, அவ்வளவுதான். நல்ல குழுவில் ஒவ்வொருவரையும் பின்னாலிருந்து மெல்லத் தள்ளிப் பார்த்து, எந்தக் கால் முன்னே போகிறது என்று கண்டுபிடிப்பார்கள்.

தனிப் பயிற்சியில் எனக்கிருக்கும் பெரிய குறையைச் சொல்கிறேன். அலையைத் தேர்வதும் பலகையைத் திருப்புவதும் தள்ளுவதும் பயிற்சியாளரே. மாணவர் எழுந்து நிற்கிறார், மகிழ்ச்சியாகப் படம் எடுத்துக்கொள்கிறார். சைக்கிளின் பின்னிருக்கையைப் பிடித்த கை விலகவே இல்லை என்றால் ஓட்டக் கற்றதாக எப்படிச் சொல்வது? குழுவில் காத்து நிற்கும் நேரம் வீண் என்று வாசுகி எழுதினார். அந்த நேரத்தில்தான் அடுத்தவர் ஏன் விழுந்தார், எந்த அலை அவரை ஏமாற்றியது, பெரிய அலைகள் எத்தனை சேர்ந்து வந்து பிறகு எவ்வளவு நேரம் ஓய்கின்றன என்று கண் பழகுகிறது.

வாசுகி, அடையாறு

கண் பழகுவதற்குக் குழுக் கட்டணம் எதற்கு? கரையில் அரைமணி உட்கார்ந்தாலே பழகும். நல்ல பயிற்சியாளர் அதைப் பாடமாகவே வைப்பார். "இந்த அலையை எடுக்கலாமா, விடலாமா, நீங்கள் சொல்லுங்கள்" என்று கேட்டுக் கேட்டுக் கற்பிப்பதற்கு ஒருவருக்கு ஒருவர் இருந்தால்தான் முடியும். ஐந்து பேரிடம் ஒவ்வோர் அலைக்கும் அதைக் கேட்க முடியுமா?

கடலைக் காணவில்லை என்றீர்கள். ஐந்து புதியவர்கள், ஐந்து பலகைகள், ஒரே நுரை அலை. ஒவ்வொன்றும் எட்டு ஒன்பது அடி நீளம். மென்பலகைதான் என்றாலும், அலை தூக்கி எறிந்தால் பல்லை உடைக்கப் போதும். அலை வரும்போது பலகையைத் தனக்கும் அலைக்கும் நடுவே பிடிக்கக் கூடாது என்பதையே அன்றுதான் கேட்டவர்கள் அவர்கள். எனக்குக் கடலைவிடப் பக்கத்துப் பலகையிடம்தான் அச்சம்.

அன்பரசு, ஊரூர் குப்பம்

அக்கா சொல்வதில் நியாயம் இருக்கிறது. துறைமுகம் வருவதற்கு முன், கப்பலில் வந்தவர்களெல்லாம் பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலா படகில்தான் கரை சேர்ந்தார்கள். உடையும் அலைகளுக்கு நடுவே எந்த இடைவெளியில் நுழைவது என்று பார்த்துச் சொல்ல ஒருவர், அவர் சொல்லுக்குத் துடுப்புப் போட மற்றவர்கள். ஒருவருடைய கண் மட்டும் முடிவெடுக்கும். ஐந்து பேரும் தனித்தனியாக முடிவெடுத்தால் படகு கவிழும்.

ஆனால் எங்கள் பக்கத்துக் கோரிக்கையையும் கேளுங்கள். விடிந்ததும் பைபர் படகுகள் மீனோடு கரைக்கு வரும் நேரம் அது. அலையின் மேல் ஏறி வேகமாக வரும் படகை நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. நீரில் படுத்திருக்கும் தலை ஓட்டுபவருக்குத் தெரியவும் தெரியாது. படகு ஏறும் இடத்திலும் வலை விரித்த இடத்திலும் தயவுசெய்து பலகையை இறக்காதீர்கள். குப்பத்தில் ஒரு வார்த்தை கேட்டால் இடம் காட்டுவார்கள். அடையாற்று முகத்துவாரத்தின் பக்கமும் வேண்டாம், மழை பெய்தால் ஊர்ச் சாக்கடை முழுவதும் அங்கேதான் கடலில் சேருகிறது.

காற்றையும் பாருங்கள். காலையில் கரையிலிருந்து வீசும் கச்சான் காற்றில் அலையின் முகம் குலையாமல் நிற்கும், கற்பதற்கு நல்ல நேரம். ஆனால் அதே காற்று, கைசோர்ந்தவரைப் பலகையோடு உள்ளே தள்ளும். அப்போதும் பலகையை விடக் கூடாது. உங்களை மிதக்க வைப்பது அதுதான். இழுப்பில் சிக்கினால் எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் விலகி, அலை உடையும் இடத்துக்கு வந்து கரையேற வேண்டும்.

செந்தில்குமரன்

அன்பு, நன்றி. நீங்கள் சொன்னதிலிருந்தே என் கடைசிக் கேள்வி. தனிப் பயிற்சியில் நீரில் இருவர், கரையில் ஒருவருமில்லை. பலகை பயிற்சியாளரின் நெற்றியில் அடித்துவிட்டால் அவரைக் கரைசேர்ப்பது யார்? அன்றுதான் கடலில் இறங்கிய வாசுகியா? கோவளத்தில் ஒருவர் கையசைத்தால் நாலு பேர் பலகையோடு பாய்வார்கள். இதற்கு விடை கிடைக்கும்வரை என் நிலை மாறாது.

வாசுகி, அடையாறு

செந்தில், நேர்மையாகச் சொல்கிறேன், இந்தக் கேள்விக்கு என் முதல் பதிவில் விடை இல்லை. என் கணவர் கரையில் நிற்பார் என்று எழுதத் தொடங்கினேன். அவருக்கு நீச்சல் தெரியாது, அந்தக் காவல் பெயருக்குத்தான்.

பயிற்சியாளரிடம் இன்று பேசினேன். கடல் தெரிந்த இன்னொருவர் மீட்புப் பலகையோடு கரையில் நிற்க வேண்டும், அவருக்கான கூலியை நான் தருகிறேன் என்றேன். ஒப்புக்கொண்டார். எச்சரிக்கை உள்ள நாளில் பணம் கட்டியிருந்தாலும் இறங்குவதில்லை என்பதையும் பேசி முடித்துவிட்டேன். குழுக் கட்டணத்தைப் போல் மூன்று மடங்கு ஆகிறது. எனக்குச் சம்மதம்.

செந்தில்குமரன்

மூன்று மடங்கு கொடுக்க முடிந்தவருக்கு மட்டும் பாதுகாப்பு என்றால், அதை மற்றவர்களுக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். இரண்டாவது ஆளைக் கேட்கத் தெரியாதவர்களும் தர முடியாதவர்களும் இந்த விவாதத்தைப் படித்துவிட்டுத் தனியாகப் போய் நிற்பார்கள். அவர்களுக்கு என் சொல் இன்னமும் கோவளம்தான். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஐப்பசி பிறந்த பிறகும் இதே கரையில் இறங்குவீர்களா?

வாசுகி, அடையாறு

இல்லை. புரட்டாசியோடு நிறுத்திவிட்டு, மழைக்காலம் முழுவதும் மருதநாயகம் ஐயா சொன்னபடி மூச்சுப் பயிற்சியும் நீச்சலும். கடல் தெளிந்தபிறகு மறுபடியும் தொடங்குவேன்.

அன்பரசு, ஊரூர் குப்பம்

வருவதற்கு முதல்நாள் மாலை குப்பத்துக்கு வந்து ஏலக்கூடத்தில் விசாரியுங்கள் அக்கா. மறுநாள் எத்தனை படகு போகிறது, எந்தப் பக்கம் ஏறும் என்று சொல்லிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம். மீன் வாங்க வரும் கூட்டத்தில் கரையில் கால் வைக்க இடம் இருக்காது.