அடுத்தடுத்த வினைக் கணக்கில் செறிவு மைனஸில் வருகிறது, எங்கே தவறினேன்?

இரண்டாமாண்டு_வேதியியல், இரவு 9:50

வணக்கம். பி.எஸ்சி. வேதியியல் இரண்டாமாண்டு படிக்கிறேன். பன்னிரண்டாவது வரை தமிழ் வழி. அலைடு கணிதத்தில் போன பருவம் தப்பிப் பிழைத்தேன். ஆனால் இப்போது வேதி வினைவேகவியல் பாடத்துக்குள்ளேயே கணக்கு வந்து நிற்கிறது. கீழே உள்ள ஒரே கணக்கில் மூன்று நாளாக மாட்டிக்கொண்டிருக்கிறேன். நாளை மறுநாள் அசைன்மென்ட் கொடுக்க வேண்டும்.

கணக்கு: ஏ → பி → சி. இரண்டு படிகளும் முதல் வகை வினைகள் (வேகம் செறிவுக்கு நேர் விகிதத்தில் இருக்கும்). முதல் படியின் வேக மாறிலி கே1 நிமிடத்துக்கு 0.10, இரண்டாம் படியின் கே2 நிமிடத்துக்கு 0.05. தொடக்கத்தில் ஏ மட்டும் லிட்டருக்கு 1 மோல், மற்ற இரண்டும் பூஜ்யம். (அ) பி எந்த நேரத்தில் உச்சத்தை அடையும், அப்போது அதன் செறிவு எவ்வளவு? (ஆ) கே1, கே2 இரண்டுமே 0.10 என்றால்?

நான் செய்தது:

நோட்டில் இருக்கும் சூத்திரம்: உச்ச நேரம் = லாக்(கே1/கே2) ÷ (கே1 − கே2). கால்குலேட்டரில் லாக் 2 = 0.3010. அதை 0.05 ஆல் வகுத்தால் 6.02 நிமிடம். பின்பக்க விடை 13.86.

சூத்திரமே தவறோ என்று நானே தருவிக்கப் பார்த்தேன். பி மாறும் வேகம் + 0.05 × பி = 0.1 × இ^(−0.1 × நேரம்). இங்கே இ என்பது சுமார் 2.718 என்ற மாறிலி. தொகையிட வசதியாக இரண்டு பக்கமும் பெருக்கும் தொகையீட்டுக் காரணி இ^(0.05 × நேரம்). பெருக்கித் தொகையிட்டேன். கிடைத்தது: பி = −2 × இ^(−0.1 × நேரம்). செறிவு மைனஸில்! வகையிட்டுப் பூஜ்யத்துக்குச் சமன் செய்தால் உச்சமும் வரவில்லை.

(ஆ) பகுதியில் சூத்திரத்தில் போட்டால் 0/0. அதோடு நிறுத்திவிட்டேன்.

விடையை மட்டும் சொல்ல வேண்டாம். எந்த வரியில் தவறினேன் என்று காட்டினால் போதும்.

---

ஆய்வகமேசை, இரவு 10:15

செய்ததை வரிவரியாக எழுதியது நல்லதாகப் போயிற்று. பார்த்த உடனே ஒரு தவறு தெரிகிறது.

கால்குலேட்டரில் இரண்டு பட்டன்கள் உண்டு. ‘லாக்’ என்பது 10-ஐ அடிமானமாகக் கொண்டது. ‘எல்.என்.’ என்பது இ-ஐ அடிமானமாகக் கொண்ட இயல் மடக்கை. இந்தச் சூத்திரத்துக்கு வேண்டியது இரண்டாவது. எல்.என். 2 = 0.6931. அதை 0.05 ஆல் வகுங்கள், 13.86.

பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பில் முதல் வகை வினைக்கு 2.303 என்று ஒரு எண் முன்னால் நிற்குமே, அது இதற்காகத்தான். லாக் டேபிள் 10 அடிமானத்தில் இருந்ததால் 2.303 ஆல் பெருக்கி இயல் மடக்கையாக மாற்றிக்கொண்டோம். உங்கள் 6.02-ஐ 2.303 ஆல் பெருக்கிப் பாருங்கள். நோட்டில் எழுதும்போது அந்த 2.303 விட்டுப்போயிருக்கும்.

---

மதியவகுப்பு, இரவு 10:22

ஃபோனில் படம் எடுத்து ஏதாவது ஆப்பில் போட்டால் முழு ஸ்டெப்போடு வந்துவிடுமே, ஏன் மூன்று நாள் வீணாக்க வேண்டும்?

---

கணக்குமேடை, இரவு 10:41

வரும்தான். ஆனால் கேட்டவர் கேட்டது வேறு. அவர் எழுதிய ஆறு வரியில் ஐந்து வரி சரி. ஆறாவது எது என்று காட்டினால் இனி இந்த வகைக் கணக்கு எதுவும் அவரை மறிக்காது. அதனால் நான் அதைச் சொல்கிறேன்.

தம்பியோ தங்கையோ, உங்கள் தொகையீட்டுக் காரணி சரி. பெருக்கிய பிறகு இடப்பக்கம் முழுவதும் ‘பி × இ^(0.05 × நேரம்)’ என்பதன் வகைக்கெழு ஆகிவிடுகிறது. வலப்பக்கம் 0.1 × இ^(−0.05 × நேரம்). அதுவும் சரி. தொகையிட்டால் −2 × இ^(−0.05 × நேரம்) + தொகையீட்டு மாறிலி. அந்தக் கடைசித் துண்டைத்தான் விட்டுவிட்டீர்கள்.

அது பூஜ்யம் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? கணக்கிலேயே சொல்லியிருக்கிறார்கள், நேரம் 0 என்றால் பி 0. அதைப் போடுங்கள்: 0 = −2 + மாறிலி. ஆக மாறிலி 2. அதை வைத்து மறுபடி எழுதிப் பாருங்கள், மைனஸ் போய்விடும். அலைடு கணிதத்தில் மாறிலியைக் கடைசியில் ஒட்டுவது ஒரு சடங்கு போல இருக்கும். இங்கே அதுதான் ‘தொடக்கத்தில் பி இல்லை’ என்ற வேதியியல் தகவலைச் சுமந்து வருகிறது.

உச்சத்தை நீங்களே கண்டுபிடியுங்கள். காத்திருக்கிறேன்.

---

இரண்டாமாண்டு_வேதியியல், இரவு 11:20

அக்கா (அண்ணாவா என்று தெரியவில்லை, மன்னிக்கவும்), வந்துவிட்டது!

பி = 2 × [இ^(−0.05 × நேரம்) − இ^(−0.1 × நேரம்)]. நேரம் 0 போட்டால் பூஜ்யம். வகையிட்டுப் பூஜ்யம் ஆக்கினால் இ^(0.05 × நேரம்) = 2. அதாவது 13.86 நிமிடம். நோட்டுச் சூத்திரம் தானாகவே வந்துவிட்டது. செறிவு 2 × (0.5 − 0.25) = 0.5.

ஒரு சந்தேகம். தேர்வில் பின்பக்க விடை இருக்காது. 6.02 தப்பு என்று அப்போது எப்படித் தெரிந்துகொள்வது?

---

ஆய்வகமேசை, இரவு 11:34

நல்ல கேள்வி. மூன்று தொட்டிகளை மேலிருந்து கீழாக நினைத்துக்கொள்ளுங்கள். மேல் தொட்டி ஏ, நடுத்தொட்டி பி, கீழ்த் தொட்டி சி. நடுத்தொட்டியில் நீர் ஏறுவது எப்போது நிற்கும்? உள்ளே விழும் வேகமும் வெளியே போகும் வேகமும் சமமாகும்போது. ஆகவே உச்சத்தில் கே1 × ஏ = கே2 × பி.

உங்கள் 6.02-ஐ வைத்துச் சோதிப்போம். அப்போது ஏ 0.548, உள்ளே வரும் வேகம் 0.0548. பி 0.385, வெளியே போகும் வேகம் 0.0192. உள்ளே வருவது ஏறக்குறைய மூன்று மடங்கு. நடுத்தொட்டி இன்னும் மளமளவென்று நிரம்பிக்கொண்டிருக்கிறது, உச்சம் எங்கே? இப்போது 13.86: ஏ 0.25, வரவு 0.025. பி 0.5, செலவும் 0.025. சரியாக உட்கார்ந்துவிட்டது. இரண்டு நிமிட வேலை, தேர்வுத்தாளின் ஓரத்திலேயே செய்துவிடலாம்.

---

கணக்குமேடை, இரவு 11:40

அக்காதான். :)

(ஆ) பகுதிக்கு வருவோம். 0/0 வந்தால் விடை இல்லை என்று அர்த்தமில்லை. கே1-உம் கே2-உம் வேறு வேறு என்று நம்பி ஓர் இடத்தில் வகுத்தோம், அந்த நம்பிக்கை இங்கே செல்லாது, அவ்வளவுதான். கே1-ஐ அப்படியே வைத்துக்கொண்டு கே2 அதை நெருங்கும்போது எல்லை எடுங்கள். லோபிதாலின் விதி (மேலேயும் கீழேயும் தனித்தனியாக வகையிட்டு எல்லை எடுப்பது) போதும். ஒரே ஒரு எச்சரிக்கை: கே2-ஐப் பொறுத்து வகையிட வேண்டும். நேரத்தைப் பொறுத்து வகையிட்டுவிட்டு முழிப்பவர்களை ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறேன்.

---

ஆய்வகமேசை, இரவு 11:52

இதில் எனக்கு வேறு கருத்து. வேதியியல் மாணவருக்கு எல்லை எடுப்பதைவிட முதலிலிருந்து போடுவது எளிது. இரண்டும் ஒரே கே என்றால் தொகையீட்டுக் காரணி இ^(கே × நேரம்). அதால் பெருக்கும்போது வலப்பக்கத்தில் இரண்டு அடுக்குகளும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு வெறும் கே × ஏ0 மிஞ்சும் (ஏ0 என்பது ஏ-யின் தொடக்கச் செறிவு). மாறிலியைத் தொகையிட யாருக்குக் கஷ்டம்?

---

இரண்டாமாண்டு_வேதியியல், அதிகாலை 12:30

இரண்டு வழியும் போட்டுப் பார்த்தேன். இரண்டிலும் பி = கே × ஏ0 × நேரம் × இ^(−கே × நேரம்) என்றே வருகிறது. உச்சம் 1/கே, அதாவது 10 நிமிடம். செறிவு 1/இ, அதாவது 0.368. தொட்டிச் சோதனையும் போட்டேன்: 10 நிமிடத்தில் ஏ-யும் 0.368 தான், கே-யும் ஒன்றே, அதனால் வரவும் செலவும் சமம்!

எனக்கு நேரடி வழிதான் பிடித்தது. அக்கா கோபித்துக்கொள்ள வேண்டாம்.

---

காமாகேமரா, காலை 6:35

இரவுப் பணி முடித்துவிட்டு இதைப் படித்தேன். மருத்துவமனையில் அணு மருத்துவப் பிரிவில் வேலை செய்கிறேன், இந்தக் கணக்கோடுதான் என் பிழைப்பே நடக்கிறது.

எலும்பு ஸ்கேன், இதய ஸ்கேன் எடுக்க டெக்னீஷியம்-99எம் என்ற கதிரியக்கத் தனிமத்தை ஊசியில் ஏற்றுகிறோம். அதன் அரை ஆயுட்காலம் சுமார் 6 மணி நேரம். அதை வாங்கி அலமாரியில் வைக்க முடியாது, கரைந்துபோகும். அதனால் அதன் தாய்த் தனிமமான மாலிப்டினம்-99-ஐ ஒரு ஈயக் கவசப் பெட்டிக்குள் வாங்கி வைக்கிறோம். அதற்கு 66 மணி நேரம். மாலிப்டினம் உங்கள் ஏ, டெக்னீஷியம் உங்கள் பி. காலையில் உப்புக் கரைசல் விட்டுப் பி-யை மட்டும் இழுத்து எடுப்போம். இதற்கு நாங்கள் சொல்லும் பெயர் பால் கறப்பது.

ஒருமுறை கறந்தபின் மறுபடி உச்சத்துக்கு வர எத்தனை மணி நேரம்? உங்கள் சூத்திரமேதான். 0.693-ஐ அரை ஆயுளால் வகுத்தால் கே. கே1 மணிக்கு 0.0105, கே2 மணிக்கு 0.1155. இரண்டின் விகிதம் 11, எல்.என். 11 = 2.398. வித்தியாசம் 0.105. வகுத்தால் சுமார் 23 மணி நேரம். தினமும் காலையில் ஒருமுறை கறக்க இயற்கையே வசதி செய்து கொடுத்த மாதிரி. இந்தத் தொடர் சிதைவுச் சமன்பாடுகளுக்கு 1910-இல் பேட்மன் என்ற கணித அறிஞர் பொதுத் தீர்வு எழுதினார், இன்றும் அவர் பெயரில்தான் வழங்குகிறோம்.

இங்கே கே2 பெரியது, கே1 சிறியது. சூத்திரத்தில் மேலேயும் மைனஸ், கீழேயும் மைனஸ், அடித்துக்கொண்டு போய்விடும். பயப்பட வேண்டாம்.

---

இரண்டாமாண்டு_வேதியியல், மாலை 5:10

அண்ணா, இதை வகுப்பில் யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் மூன்று நாள் ஆகியிருக்காது. மிக்க நன்றி.

அடுத்த கணக்கு: கே1 நிமிடத்துக்கு 0.06, கே2 வினாடிக்கு 0.0005. முதலில் அப்படியே போட்டு எங்கேயோ போய்விட்டது. அப்புறம் பார்த்தால் ஒன்று நிமிடம், ஒன்று வினாடி. 60 ஆல் பெருக்கினால் கே2 நிமிடத்துக்கு 0.03. உச்சம் 0.6931 ÷ 0.03 = 23.1 நிமிடம். ஆனால் பி-யின் செறிவு மறுபடியும் அதே 0.5 வருகிறது. பழைய விடையையே எழுதிவிட்டேனோ என்று மூன்று முறை போட்டேன். மாறவில்லை.

---

கணக்குமேடை, மாலை 5:48

மாறாது. முதல் கணக்கில் கே1/கே2 = 2. இதிலும் 2. உச்ச நேரத்தைப் பி-யின் சூத்திரத்தில் போட்டுச் சுருக்கினால், உச்சச் செறிவில் தனித்தனி கே-க்கள் மறைந்து விகிதம் மட்டும் நிற்கும். இரண்டு வேகங்களையும் ஒரே மடங்கு குறைத்தால் எல்லாம் மெதுவாக நடக்கும், அவ்வளவுதான். நடுத்தொட்டி ஏறும் உயரம் அதேதான்.

அசைன்மென்டில் வரைபடம் கேட்டிருப்பார்கள். முதல் கணக்குக்கு ஏ, பி, சி மூன்று கோடுகளையும் ஒரே தாளில் போடுங்கள். சி = 1 − ஏ − பி. பி உச்சத்தில் இருக்கும்போது சி கோடு மிகச் செங்குத்தாக ஏற வேண்டும், ஏனென்றால் சி-க்கு வருவதெல்லாம் பி-யிலிருந்துதான். இன்னொன்று, அதே இடத்துக்கு நேர் கீழே ஏ-யும் சி-யும் என்ன செய்கின்றன என்று பாருங்கள். விகிதம் 2 ஆக இருப்பதால் கிடைக்கும் அழகு அது.

---

இரண்டாமாண்டு_வேதியியல், இரவு 8:05

வரைந்துவிட்டேன். 13.86-இல் பி உச்சிக்கு நேர் கீழே, 0.25-இல், ஏ-யும் சி-யும் ஒன்றையொன்று வெட்டுகின்றன. அந்தப் புள்ளியைச் சிவப்பு மையால் வட்டமிட்டுத் தாளைக் கட்டிவிட்டேன்.