புதுப்பிப்பு: ஹன்டிங்டன் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தேனா?
அப்பாவுக்கு ஹன்டிங்டன் நோய் (மூளை நரம்புகளைச் சிதைத்து, கைகால்களைத் தானாகத் துள்ளவைக்கும் பரம்பரை நோய்), எனக்கும் மரபணுப் பரிசோதனை செய்யலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். செய்யவில்லை. கோத்தகிரியிலிருந்து பஸ் பிடித்துக் கோயம்புத்தூர் போய் ஆலோசகரைப் பார்த்தேன். அது எனக்கும் வந்திருக்க வாய்ப்பு சரிபாதி, அந்த மரபணுவில் சிஏஜி என்ற எழுத்துத்தொடர் 40 முறையோ அதற்கு மேலோ திரும்ப வந்தால் நோய் ஏறக்குறைய உறுதி, தடுக்க மருந்து இல்லை என்றார். (இந்த நோய்க்குக் காரணமான மரபணுவை 1993-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள்!) அக்காவுக்குப் பிள்ளை பெறுவதற்கு முன் தெரிந்தாக வேண்டுமாம். அவளுக்கு அது நியாயம். எனக்கு? கொழுந்து எடைபோடும்போது அப்பாவின் கை துள்ளுவதைப் பார்த்துவிட்டு, தினமும் என் விரல்களைக் கவனிக்கிறேன். "தெரிஞ்சு என்னடா பண்ணப்போற?" என்கிறார் அம்மா. சரி, அக்காவின் ரிசல்ட்டை என்னிடம் சொல்ல வேண்டாம் என்று மட்டும் கேட்டிருக்கிறேன்.