புதுப்பிப்பு: முகாமுக்கான மருத்துவச் சான்று

மகளின் விடுமுறை முகாமுக்குப் பள்ளியில் கொடுத்த பழைய மருத்துவச் சான்றே போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன். போதாதாம், 12 மாதங்களுக்குள் பரிசோதித்திருக்க வேண்டுமாம். சரி என்று டாக்டரிடம் போனோம்.

உயரம், எடை, டெட்டனஸ் தடுப்பூசித் தேதி எல்லாம் சட்டென்று முடிந்தது. நேரம் பிடித்தது ஆஸ்துமாதான். இன்ஹேலரை அவளையே அடித்துக் காட்டச் சொன்னார். இவள் அடித்து முடித்த பிறகுதான் மூச்சை இழுத்தாள். அழுத்தும்போதே மெதுவாக இழுத்து, 10 விநாடி அடக்க வேண்டும் என்று திருத்தினார். இதற்காகவே போகலாம்!

அப்புறம், மருந்துகளை வேறு டப்பாவில் மாற்றாமல் லேபிளோடு அசல் பெட்டியிலேயே முகாம் செவிலியரிடம் கொடுக்க வேண்டும். ராத்திரி மூச்சுத் திணறினால்? இன்ஹேலரை மட்டும் அவளே வைத்துக்கொள்ளலாம், டாக்டர் தனியாக எழுதித் தந்தால். வாங்கிவிட்டேன்.