தம்பியின் ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) காசு எங்கே? விபரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் அண்ணாமார், அக்காமார்.

தம்பிக்கு 19 வயது. ஏ.எல். எழுதிவிட்டு யாழ் நகரில் ஒரு துணிக்கடையில் நிற்கிறான். எட்டு மாதம் ஆகிறது. நியமனக் கடிதம் இல்லை, சம்பளச் சிட்டை இல்லை. மாத முடிவில் ஒரு மண்ணிற என்வலப். அதன் பின்பக்கத்தில் நீலப் பேனையால் '30,000 – ஈபிஎஃப் 2,400' என்று எழுதியிருக்கும். உறுப்பினர் இலக்கம் கேட்டால், "நீ இன்னும் பயிற்சியில்தானே" என்கிறாராம் முதலாளி. பயிற்சியென்றால் பிறகு ஏன் வெட்டுகிறார்?

நான் அறிந்தவரை, வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே சேமலாப நிதி கட்ட வேண்டும். ஊழியர் 8 வீதம், முதலாளி 12 வீதம். ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம் தனி, அதை ஊழியரிடம் வெட்டவே முடியாது. மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு. இவனோ தீபாவளிக்கு முதல் கிழமை முழுக்க இரவு பத்து மணிவரை நின்றான். கிடைத்தது ஒரு கொத்து ரொட்டிப் பார்சல்.

என்வலப்புகளை எறியாமல் வைத்திருக்கிறோம். வந்த நேரம், போன நேரத்தைக் கொப்பியில் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் தொழில் திணைக்களத்தில் முறையிட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? பெயரை வெளியில் விடாமல் விசாரிப்பார்களா? முதலாளி அப்பாவுக்குத் தெரிந்தவர், அதுதான் சிக்கல். தம்பியை வேலையிலிருந்து நிற்பாட்டிவிட்டால் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாயசபைக்குப் போகலாம் என்று தெரியும், ஆனால் அதுவரை இழுக்க விருப்பமில்லை. சட்ட உதவி ஆணைக்குழுவில் முதலில் கதைப்பது நல்லதா? அனுபவப்பட்டவர்கள் உள்பெட்டியில் எழுதினாலும் சரி.