கார்ப்பெட்டை உரிக்காமல் பலகைத் தரையின் சத்தத்தை நிறுத்த முடியுமா?

வணக்கம். ஏற்காட்டில் பெரியப்பாவின் பழைய வீட்டை இப்போது நாங்கள்தான் பார்த்துக்கொள்கிறோம். மாடி அறையில் பலகைத் தரை, அதன்மேல் பசை போட்டு ஒட்டிய கார்ப்பெட். ஜன்னல் பக்கம் கால் வைத்தாலே 'கிரீச்' என்கிறது. ராத்திரி ஒருவர் பாத்ரூம் போனால் வீடே எழுந்துவிடும்.

ஜன்னலோரம் பசை விட்டுப்போன கார்ப்பெட் மூலையைத் தூக்கிப் பார்த்தேன். ஆணித் தலை பலகைக்கு மேல் லேசாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. மிதித்தால் பலகை ஆணியை உரசிக்கொண்டு இறங்குகிறது, காலை எடுத்தால் ஏறுகிறது. மழையிலும் பனியிலும் மரம் ஊறி, வெயிலில் சுருங்கி, ஆணி பிடி விட்டிருக்க வேண்டும். கீழே ஹாலில் சீலிங் அடித்து மூடியிருப்பதால் அடியிலிருந்து ஆப்பு செருகவும் வழியில்லை.

சேலத்திலிருந்து வந்த ஆசாரி, மொத்தத்தையும் உரித்தால்தான் ஆகும் என்கிறார். உரித்தால் கார்ப்பெட் கந்தல்தான். பலகை இடுக்கில் பவுடர் தூவுவது நாலு நாளைக்குத் தாங்கும், அவ்வளவுதான்.

கார்ப்பெட் வழியாகவே, பலகையைத் தாங்கும் உத்தரத்தில் இறக்கி, தலையை மட்டும் ஒடித்துவிடும் ஸ்க்ரூ வெளிநாட்டில் உண்டு. அது சேலம் கடைகளில் கிடைக்குமா? இல்லையென்றால் சின்னத் தலை ஸ்க்ரூவை, கார்ப்பெட் நூலை விலக்கி இறக்கலாமா? சுழலும்போது நூல் சுற்றிக்கொண்டு கோடாக உருவி வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அப்புறம், உத்தரம் ஓடும் இடத்தைக் காந்தம் வைத்து, ஆணி வரிசையைப் பிடித்தே கண்டுபிடித்துவிடலாம்தானே?

மலைவீட்டுப் பலகைத் தரையில் வேலை செய்து பழகிய ஆசாரி யாராவது தெரிந்தாலும் சொல்லுங்கள்.