கேப்ஸ்லாக் டி அடிச்சா மணி சொல்லுது: விண்டோஸ் விட்டு உபுண்டுக்கு வந்து மாட்டிக்கிட்டேன்

குடியாத்தம் வாத்தியார்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாத்தான் எழுதப்போறேன், பொறுத்துக்கோங்க.

எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. வீடு குடியாத்தம், வேலை காட்பாடி பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல. சமூக அறிவியல் எடுக்கறேன். கம்ப்யூட்டர் கத்துக்கிட்டது ஜாஸ்ல, அதாவது திரையில இருக்கறதை வாசிச்சுச் சொல்ற மென்பொருள்ல. லைசென்ஸ் இல்லாத ஜாஸ் நாற்பது நிமிஷம் ஓடும், அதுக்கப்புறம் மிஷினையே அணைச்சுப் போட்டாத்தான் மறுபடி பேசும். பி.எட். படிக்கறப்போ எனக்குக் கடிகாரமே அதுதான். ரெண்டு தடவை நின்னா டீ குடிக்கப் போயிடுவேன். அப்புறம் அதே வேலை செய்யற என்விடிஏ வந்துச்சு, காசும் கேக்கல, நாற்பது நிமிஷக் கணக்கும் இல்ல. பதிமூணு வருஷம் அதுலயே ஓடிப்போச்சு.

என் லேப்டாப்புல இருக்கறது ஏழாம் தலைமுறை ஐ5 ப்ராசசர். விண்டோஸ் 11 ஏத்துக்கல, எட்டாம் தலைமுறையிலிருந்துதான் வேணுமாம். 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு அப்டேட் நிக்குதுன்னு நியூஸ்ல வேற கேட்டேன். தீபாவளிக்கு வந்த அக்கா பையன், "மாமா, நல்லா ஓடற மிஷினை எதுக்குத் தூக்கிப் போடணும்"னு சொல்லி, மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள விண்டோஸுக்குப் பதிலா உபுண்டு 24.04ங்கற லினக்ஸைப் போட்டுட்டான். ஆல்ட், விண்டோஸ் பட்டன், எஸ் மூணையும் சேர்த்து அடிக்கச் சொன்னான். அதுல இருக்கற வாசிப்பான் ஓர்கா பேசுச்சு. சந்தோஷமாத்தான் இருந்துச்சு. அவன் பெங்களூர் ரயில் ஏறின பிறகுதான் கூத்து ஆரம்பம்.

மறுவாரம் ஸ்டாஃப் ரூம்ல உட்கார்ந்து வினாத்தாள் அடிச்சுக்கிட்டிருந்தேன். பக்கத்துல இருந்த டீச்சர், "சார், இப்ப எந்த கிளாஸ் பேப்பர் திறந்து வெச்சிருக்கீங்க?"ன்னு கேட்டாங்க. வழக்கம்போல கேப்ஸ்லாக்கைப் பிடிச்சுக்கிட்டு டி (T) அடிச்சேன். என்விடிஏல அது ஜன்னலோட தலைப்பைச் சொல்லும். இது, "லெவன் ட்வென்டி டூ ஏ.எம்."னுச்சு. இயர்போன் போடல, ஸ்பீக்கர்லயே வந்துடுச்சு. டீச்சர், "நான் மணி கேக்கல சார்"ங்கறாங்க. நான் விடாம மறுபடி அடிச்சேன். இந்தத் தடவை "லெவன் ட்வென்டி த்ரீ".

இது ஒண்ணுதான்னா சிரிச்சுட்டுப் போயிடலாம். இணையப் பக்கத்துல முழுசா வாசிச்சுக் காட்டறதுக்கு என் கை கேப்ஸ்லாக் ஏ-வுக்குத்தான் போகும். ஓர்காவுல அது வாசிக்காது, ஃபோகஸ் மோடுக்கு, அதாவது அடிக்கற எழுத்தெல்லாம் பெட்டிக்குள்ள போற மோடுக்கு மாத்தும். எனக்கு அது தெரியாது. தலைப்புக்குத் தலைப்பு தாவலாம்னு எச், எச், எச்னு தட்டினா எல்லாம் தேடல் பெட்டிக்குள்ள போய் உட்கார்ந்துடுச்சு. சரி, மோடு மாத்தணும்னு பழைய பழக்கத்துல கேப்ஸ்லாக் ஸ்பேஸ் அடிச்சா ஓர்காவோட செட்டிங்ஸ் ஜன்னலே திறக்குது. ஒரே சாயங்காலம் பதினேழு தடவை திறந்து பதினேழு தடவை மூடினேன். எண்ணினேன், சத்தியமா. அதுலயும் சில நேரம் கேப்ஸ்லாக் நிஜமாவே கேப்ஸ்லாக்கா வேலை செஞ்சுடுது, அப்புறம் நான் அடிக்கறதெல்லாம் பெரிய எழுத்து.

அடுத்தது தமிழ்க் குரல். விண்டோஸ்ல "வள்ளுவர்"னு ஒரு ஆண் குரல் இருக்கும், என்விடிஏல அதைத்தான் வெச்சிருந்தேன். பெரிய வித்வான்னு சொல்ல மாட்டேன், ஆனா அவர் "ழ" சொன்னா "ழ"ன்னு கேக்கும். இங்க இருக்கறது ஈஸ்பீக்ங்கற குரல். தகர டப்பாவுக்குள்ள தலையை விட்டுக்கிட்டு யாரோ பேசற மாதிரி இருக்கு. பசங்களோட கட்டுரை கேட்டா பாதியிலேயே கை வால்யூமுக்குப் போகுது.

மூணாவது, எங்க வட்டாரத்துல வினாத்தாள் இன்னும் பாமினிங்கற பழைய எழுத்துருவுலதான் வருது. கண்ணுக்குத் தமிழ், கோப்புக்குள்ள இருக்கறது ஆங்கில எழுத்து. யூனிகோடுன்னு அரசாங்கம் 2010-லயே சொல்லியாச்சு, யார் கேக்கறா? மேல "தமிழ் வழி"ன்னு போட்டிருக்கும். எனக்குக் கேக்கறது: ஜே, கே, பி, ஓ, செமிகோலன். அதுதாங்க "தமிழ்". முன்னாடி என்எச்எம் கன்வர்ட்டர்ல போட்டு யூனிகோடா மாத்திப்பேன். அது விண்டோஸ்ல மட்டும்தான்.

இப்ப என் கேள்வி. திரும்ப விண்டோஸுக்கே போயிடறதா? இல்ல இதையே பழகலாமா? பழகறதுன்னா என் விரலை மாத்தணுமா, ஓர்காவை மாத்த முடியுமா? ரெண்டையும் ஒண்ணா வெச்சுக்கலாம்னு பையன் போன்ல சொல்றான், ஆனா மிஷின் ஆன் ஆகும்போது வர்ற அந்தப் பட்டியல் பேசாதாமே. பேசாத பட்டியல்ல நான் எதைத் தேர்ந்தெடுக்கறது?

வாலாஜா பெரியவர்:

தம்பி, உங்க அக்கா பையன் மேல எனக்குக் கோவம் வருது. நல்ல எண்ணம்தான், இல்லேங்கல. ஆனா கண்ணு தெரியறவங்களுக்கு ஒரு விஷயம் புரியறதே இல்ல. அவங்களுக்கு சிஸ்டம் மாத்தறது வீட்டுக்கு வெள்ளையடிக்கற மாதிரி. நமக்கு வாசப்படியை எடுத்து வேற பக்கம் வெச்ச மாதிரி. நான் வங்கியில இருந்து ரிட்டையர் ஆனவன், ஆரம்பத்திலிருந்து ஜாஸ்தான், இன்னைக்கும் ஜாஸ்தான். என் பேத்தி "தாத்தா, மேக்ல வாய்ஸ்ஓவர் சூப்பர்"னு கொண்டாந்து வெச்சா. கன்ட்ரோலும் ஆப்ஷனும் சேர்த்தே பிடிச்சுக்கிட்டு அம்புக்குறி அடிக்கணும். மூணு நாள்ல இடது மணிக்கட்டு வலி எடுத்துக்கிச்சு. அவளுக்கே திருப்பிக் கொடுத்துட்டேன்.

விண்டோஸ் 10 நின்னுபோச்சுன்னு பயப்படாதீங்க. வீட்டு உபயோகத்துக்கு ஒரு வருஷம் நீட்டிப்பு இருக்கு, 2026 அக்டோபர் 13 வரைக்கும் பாதுகாப்பு அப்டேட் வரும். செட்டிங்ஸ்ல விண்டோஸ் அப்டேட் பக்கத்துலயே பதிஞ்சுக்கலாம். மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் வேணும். அதுக்குள்ள காசு சேர்த்து எட்டாம் தலைமுறைக்கு மேல ஒரு செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கிக்கோங்க. இலவசம்னா இப்படித்தான் இருக்கும்.

ஆற்காட்டுக்காரி:

பெரியவரே, அந்தக் கடைசி வரியை மட்டும் ஏத்துக்க மாட்டேன். என்விடிஏவும் இலவசம்தானே? 2006-ல அதை ஆரம்பிச்சதே பார்வை இல்லாத ஒரு ஆஸ்திரேலியக்காரர். நீட்டிப்பு பத்தி நீங்க சொன்னது சரி, வாத்தியார் அண்ணா அதைக் குறிச்சு வெச்சுக்கட்டும்.

அண்ணா, எனக்கும் பார்வை இல்ல. ஆறு வருஷமா ஓர்காவுலதான் சோறு. நீங்க பட்டதெல்லாம் நானும் பட்டவதான். அந்தச் செட்டிங்ஸ் ஜன்னல் எனக்குப் பதினேழு இல்ல, ஒரு மாசம் பூரா திறந்துச்சு. அது உங்க தப்பு இல்ல. ரெண்டுலயும் ஒரே சாவி, வேற வேற பூட்டு. எச் தலைப்புக்கு, கே இணைப்புக்கு, டி அட்டவணைக்கு, இதெல்லாம் ரெண்டுலயும் ஒண்ணுதான். அதனாலதான் ஏமாந்து போறோம். பாதி ஒத்துப் போறதால மீதியும் ஒத்துப் போகும்னு விரல் நம்பிடுது. எல்லாமே வேறயா இருந்திருந்தா ஒரு வாரத்துல பழகியிருப்பீங்க.

முதல்ல கேப்ஸ்லாக். லாகின் பண்ற இடத்துல உங்க பேர் மேல என்டர் அடிச்சா பாஸ்வேர்டு கேக்கும். அங்கிருந்து டேப் அடிச்சுக்கிட்டே போனா ஒரு பட்டன் வரும், உள்ள "உபுண்டு", "உபுண்டு ஆன் எக்ஸார்க்"னு ரெண்டு இருக்கும். ரெண்டாவதை எடுங்க. இப்ப நீங்க இருக்கறது வேலாண்ட். திரையையும் விசைப்பலகையையும் நடத்தற புது ஏற்பாடு அது, எக்ஸார்க் பழசு. உங்க 24.04-ல இருக்கற டெஸ்க்டாப் க்னோம் 46. வேலாண்ட்ல ஓர்காவுக்கு விசையைச் சரியாப் பிடிக்க வழி பண்ணினது க்னோம் 48-லதான். எக்ஸார்க்ல போனா கேப்ஸ்லாக் ஒழுங்கா நடந்துக்கும்.

அடுத்தது விரல். மாத்த வேணாம், ஓர்காவை மாத்துங்க. பதினேழு தடவை மூடினீங்களே, அந்த ஜன்னலேதான். அதுல கீ பைண்டிங்ஸ்னு ஒரு தாவல் இருக்கு. கட்டளை வரிசையா வரும், பக்கத்துக் கட்டத்துல விசை. என்டர் அடிச்சு, புது விசையை அடிச்சு, மறுபடி என்டர். ஆனா வரிசை முக்கியம். டி-யை நேரா ஜன்னல் தலைப்புக்குக் கொடுத்தா "இது ஏற்கனவே இருக்கு"ன்னு நிக்கும். முதல்ல மணியை எஃப்12-க்குத் தள்ளுங்க, உங்க என்விடிஏ பழக்கமும் அதேதான். அப்புறம் காலியான டி-யைத் தலைப்புக்குக் கொடுங்க. இப்போதைக்குத் தலைப்பு வேணும்னா லேப்டாப் அமைப்புல கேப்ஸ்லாக்கும் சாய்கோடும். முழுசா வாசிக்க கேப்ஸ்லாக் செமிகோலன். அதையும் ஏ-வுக்கு மாத்திக்கலாம், மோடு மாத்தறதை ஸ்பேஸுக்குக் கொண்டுபோங்க. அப்ப செட்டிங்ஸுக்கு வேற ஒரு விசை கொடுக்க மறந்துடாதீங்க. நான் மறந்தேன். செட்டிங்ஸுக்குள்ளயே போக முடியாம தம்பியைக் கூப்பிட்டு டெர்மினல்ல திறந்தேன், மானம் போச்சு.

எந்த விசை என்ன பண்ணும்னு தெரியணும்னா கேப்ஸ்லாக் எச். கத்துக்கற மோடு. எதை அடிச்சாலும் செய்யாது, சொல்லும். எஸ்கேப் அடிச்சா வெளிய வந்துடலாம். ராத்திரி கரண்ட் போன நேரத்துல பேட்டரியில உட்கார்ந்து அதையே அடிச்சு அடிச்சுத்தான் நான் கத்துக்கிட்டேன்.

வள்ளுவர் குரலுக்கு மட்டும் என்கிட்ட மருந்து இல்லண்ணா. அது விண்டோஸோட சேர்ந்தது. ஈஸ்பீக்ல வேகத்தைக் கூட்டிப் பாருங்க. சொன்னா நம்ப மாட்டீங்க, மெதுவா பேசினாத்தான் தகரம், வேகமாப் போனா காது பழகிடும். ஓர்காவுல ப்ரொஃபைல்னு இருக்கு, தமிழுக்கு ஒண்ணு, இங்கிலீஷுக்கு ஒண்ணு வெச்சுக்கிட்டு, மாத்தறதுக்கும் ஒரு விசை ஒதுக்கிக்கலாம்.

சத்துவாச்சாரி:

எனக்குப் பார்வை உண்டு, இங்க பாதிப் பேருக்கு லினக்ஸ் போட்டுக் கொடுக்கறவன். பெரியவர் திட்டினது என்னையும் சேர்த்துத்தான், வாங்கிக்கறேன்.

சார், ரெண்டு சிஸ்டமும் ஒண்ணா வெச்சா வர்ற பட்டியலுக்குப் பேர் க்ரப். அது பேசாது, உண்மை. ஆனா சத்தம் போடும். ஈடிசி அடைவுல டிஃபால்ட்ங்கற அடைவுக்குள்ள க்ரப்னு ஒரு கோப்பு இருக்கு. அதோட கடைசிப் பக்கம் "இனிட் ட்யூன்"னு ஒரு வரி, 480, 440, 1னு மூணு எண்ணோட, முன்னாடி ஹேஷ் (#) போட்டு வேலை செய்யாம வெச்சிருப்பாங்க. ஹேஷை எடுத்துட்டு அப்டேட் க்ரப் கட்டளை கொடுத்தா, பட்டியல் வந்ததும் ஒரு "பீப்". அது கேட்டதும் கீழ் அம்பு இத்தனை தடவைன்னு எண்ணி என்டர். எத்தனைன்னு உங்க மிஷின்ல ஒரு தடவை யாராவது பார்த்துச் சொல்லணும், மிஷினுக்கு மிஷின் மாறும். ஒரு எச்சரிக்கை: சில லேப்டாப்புல அந்தப் பழைய பீப் ஸ்பீக்கரே இருக்காது. அப்படின்னா கடைசியா எதுல இருந்தீங்களோ அதுலயே தானா போற மாதிரி வெச்சுடலாம்.

பாமினிக்கு ஓப்பன் தமிழ்னு ஒரு பைத்தான் தொகுப்பு இருக்கு. அதுல பாமினியை யூனிகோடாக்கற பகுதி தயாரா இருக்கு. பத்து வரி எழுதி ஒரு சின்ன நிரலா தரேன், கோப்பு பேரைக் கொடுத்தா மாத்தி வெச்சிடும். வேர்டு கோப்புன்னா முதல்ல லிப்ரே ஆபீஸ்ல சாதா உரையா சேமிக்கணும். அட்டவணை கொஞ்சம் கலைஞ்சுபோகும், அதுக்கு வழியில்ல.

குடியாத்தம் வாத்தியார்:

நாலு நாள் கழிச்சு எழுதறேன், மன்னிக்கணும். திருத்தற வேலை மேல வேலை.

தங்கச்சி, எக்ஸார்க் மாத்தினதுல கேப்ஸ்லாக் அடங்கிடுச்சு. மணியைத் தள்ளி, தலைப்பை டி-க்கு மாத்திட்டேன். நேத்து அதே டீச்சர் அதே கேள்வி கேட்டாங்க, வேணும்னேதான் கேட்டிருப்பாங்க. டி அடிச்சேன், "எட்டாம் வகுப்பு சமூக அறிவியல்"னு சொல்லுச்சு. தகரக் குரல்லதான். அவங்க "இப்ப மணி என்ன சார்?"னாங்க. எஃப்12 மறந்துபோச்சு, கைக்கடிகாரத்து மூடியைத் திறந்து முள்ளைத் தடவித்தான் சொன்னேன்.

செட்டிங்ஸ் விசையை முதல் வேலையா மாத்தி வெச்சுட்டேன். உங்க தம்பி கதை கேட்டதுக்கப்புறம் பயம்.

சத்துவாச்சாரி தம்பி, நிரல் வந்துச்சு. ஜே கே பி ஓ செமிகோலன் கோப்பைக் கொடுத்தேன். வேலூர்ப் புரட்சி கேள்வி, அஞ்சு மதிப்பெண், ஒரு எழுத்து பிசகாம வாசிச்சுது. இடம் நிரப்பறதுக்கு விடற கோடு மட்டும் ஏதோ கோணலா வந்துது, அதை அப்புறம் பேசலாம். ரயில்ல காட்பாடி வர்ற வரைக்கும் அந்த வினாத்தாளையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கிட்டு வந்தேன்.

பெரியவரே, உங்க பேச்சையும் தட்டல. வள்ளுவரை விட மனசு வரல. கட்டுரைத் திருத்தத்துக்கு அவர் வேணும். அதனால ஞாயித்துக்கிழமை அக்கா பையன் வந்து விண்டோஸ் 10-ஐப் பக்கத்துலயே போடறான், நீட்டிப்பும் பதிஞ்சுடறோம். பீப் வருதா இல்லையான்னு திங்கக்கிழமை சொல்றேன்.

வாலாஜா பெரியவர்:

வரலன்னா வாலாஜாவுக்கு வாங்க தம்பி. பழைய டெஸ்க்டாப் ஒண்ணு பரண்ல கிடக்கு. அதுல பீப் தெருமுனை வரைக்கும் கேக்கும்.