டீன் ஜோன்ஸ்: சேப்பாக்கத்தில் பார்த்தது, கொழும்பில் கேட்டது

ஆஸ்திரேலிய கிரிக்கெட் மட்டையாளர் டீன் ஜோன்ஸ் பற்றி ரசிகர்கள் சிலர் அடுத்தடுத்து எழுதியது.

1986 செப்டம்பர் 19. சேப்பாக்கம். இந்தியா-ஆஸ்திரேலியா டெஸ்டின் இரண்டாம் நாள். நான் அப்போது கல்லூரி மாணவன். திருவல்லிக்கேணியில் இருந்து நடந்தே போய் சிமென்ட் கேலரியில் உட்கார்ந்திருந்தேன். பக்கிங்ஹாம் கால்வாய் நாற்றம், காற்றே இல்லாத புழுக்கம், உட்கார முடியாத சூடு. எங்களுக்குப் பழக்கம். மட்டை பிடித்து நின்ற 25 வயது மெல்போர்ன்காரர் ஜோன்ஸுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று அன்று பாதி நாள் வரை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

முதல் நாள் முடிவில் 56. மறுநாள் அடித்துக்கொண்டே போனார். நூறு தாண்டிய பிறகு பிட்சுக்கு ஓரமாகப் போய்க் குனிந்தார். வாந்தி. எங்கள் வரிசையில் சிலர் விசில் அடித்தார்கள், நானும் அடித்தேன். ஓவர் முடிந்தது, மறுபடி போய்க் குனிந்தார். மறுபடி வந்து நின்றார். அப்புறம் எங்கள் பக்கம் விசில் தானாக அடங்கிவிட்டது. ஓடி ரன் எடுக்க முடியாத நிலைக்கு வந்ததும் பவுண்டரியாகவே அடிக்கப் பார்த்தார். 170 ரன் எடுத்திருந்தபோது போதும், வெளியே போகிறேன் என்று கேட்டதும், உன்னால் முடியாவிட்டால் என் மாநிலமான குவீன்ஸ்லாந்துக்காரன் ஒருவனை அழைத்துக்கொள்கிறேன் என்று கேப்டன் ஆலன் பார்டர் சீண்டியதும் பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. கேலரியில் இருந்து பார்த்தபோது இரண்டு பேர் நின்று பேசிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

210 ரன், எட்டு மணி நேரத்துக்கு மேல். ஷிவ்லால் யாதவ் பந்தில் போல்ட் ஆனார். அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரி, கையில் சலைன். அந்த மேட்ச் டை ஆனது ஊருக்கே தெரியும். இரண்டு அணியும் சம ரன்னில் முடிவது, டெஸ்ட் வரலாற்றில் அது இரண்டாவது முறை. கடைசி ஓவரின் ஐந்தாவது பந்தில் நம் கடைசி ஆட்டக்காரர் மனிந்தர் சிங் எல்பிடபிள்யூ.

அடுத்த வருஷம் அக்டோபரில் உலகக் கோப்பைக்கு அதே மைதானம், அதே ஜோன்ஸ், பந்து போட்டவர் அதே மனிந்தர். ஜோன்ஸ் தூக்கி அடித்தார். நடுவர் நான்கு என்று கொடுத்தார். சிக்ஸ் என்று ஆஸ்திரேலியா விடாமல் முறையிட, இன்னிங்ஸ் இடைவேளையில் நம் கேப்டன் கபில் தேவ் ஒப்புக்கொண்டார். 268 என்பது 270 ஆனது. நாம் ஒரு ரன்னில் தோற்றோம். மறுபடியும் மனிந்தர்தான் கடைசி விக்கெட், மறுபடியும் கடைசிக்கு முந்தைய பந்து. இரண்டு வருஷத்தில் இரண்டு முறை ஜோன்ஸ் எங்கள் வயிற்றைக் கலக்கினார். ஆனாலும் எங்களுக்கு அவரைப் பிடித்துப்போனது. எங்கள் வெயிலைத் தாங்கி நின்றவர் என்ற உரிமை அது.

*

அண்ணன் எழுதியதைப் படித்தேன். அந்த 210 பற்றி என் மாமாவும் இப்படித்தான் சொல்வார். நான் பார்த்தது வேறொரு ஜோன்ஸ்.

2006இல் வேலைக்காகக் கொழும்பில் இருந்தேன். ஆகஸ்ட் 7, பி. சாரா ஓவல் மைதானம், தென்னாப்பிரிக்காவுடன் இலங்கை ஆடிய இரண்டாவது டெஸ்டின் நான்காம் நாள். அதற்கு முந்தைய டெஸ்டில்தான் இலங்கையின் சங்கக்காரவும் ஜெயவர்த்தனவும் சேர்ந்து 624 ரன் எடுத்திருந்தார்கள். அதனால் சங்கக்கார அவுட் ஆனதும் மைதானமே வாடிப்போனது. கேட்ச் பிடித்தவர் தென்னாப்பிரிக்காவின் ஹாஷிம் அம்லா. என்னைப் போலவே முழுத் தாடி வைத்த முஸ்லிம். உண்மையைச் சொல்கிறேன், இலங்கை ஜெயிக்க வேண்டும் என்றுதான் போயிருந்தேன், ஆனாலும் அந்தக் கேட்சுக்கு மட்டும் மனசுக்குள் சந்தோஷப்பட்டேன்.

அதே நிமிஷம் வர்ணனை அறையில் இருந்த டீன் ஜோன்ஸ், அந்தத் தீவிரவாதிக்கு இன்னொரு விக்கெட் என்று சொல்லியிருக்கிறார். விளம்பரம் ஓடுகிறது, மைக் அணைந்திருக்கிறது என்று நினைத்துவிட்டார். தென்னாப்பிரிக்காவில் விளம்பர இடைவேளைக்குப் போகாமல் ஒளிபரப்பு ஓடிக்கொண்டிருந்தது. அங்கே வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்கள் காதில் அது நேராக விழுந்தது. மைதானத்தில் இருந்த எனக்கு ஒன்றும் தெரியாது. இரவு ஒரு நண்பர் போனில் சொன்னார்.

ஒளிபரப்பிய டென் ஸ்போர்ட்ஸ் சேனல் அவரை உடனே நீக்கியது. ஊருக்கு விமானம் ஏறினார். மன்னிப்புக் கேட்டார். அம்லா அதை ஏற்றுக்கொண்டு அதோடு விட்டுவிட்டார். எனக்கு அது அவ்வளவு லேசாகப் போகவில்லை. முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒருவர் சிரித்துக்கொண்டே இதே சொல்லால் என்னைக் கூப்பிடுவார். எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரித்து வைப்பேன். டிவியில் வருவோரும் மைக் அணைந்ததும் இப்படித்தான் பேசுகிறார்களா என்பதுதான் அன்று ராத்திரி தூங்கவிடவில்லை. மைக் இருப்பது தெரியாமல் சொன்னேன் என்பது எப்படிச் சமாதானமாகும்? தெரியாமல் வந்த வார்த்தை என்பதால்தான் அது அதிகமாக வலித்தது.

அப்புறம் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். அதே மனிதர் பாகிஸ்தான் சூப்பர் லீக்கில் இஸ்லாமாபாத் யுனைடெட் அணிக்குப் பயிற்சியாளராகப் போனார். 2016இலும் 2018இலும் அந்த அணி கோப்பை வென்றது. எந்நேரமும் கையில் ஒரு சிவப்பு நோட்டு வைத்திருப்பார். 2020இல் கராச்சி கிங்ஸ். அவர் இறந்து இரண்டு மாதத்துக்குள் அந்த அணி கோப்பையை வென்றது. பிளேஆஃப் ஆட்டத்துக்கு முன் வீரர்கள் ஆங்கில 'டி' எழுத்து வடிவில் நின்று அவருக்கு அஞ்சலி செலுத்தினார்கள். தொழுகிற பிள்ளைகள் பலர் அந்த வரிசையில் இருந்தார்கள். அந்தக் காட்சியைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. 2006 எனக்கு இன்னும் மறக்கவில்லை. இரண்டுமே என்னோடுதான் இருக்கின்றன.

*

தம்பி சொன்னது சரி. வாய்தான் அவருக்கு எப்போதும் எதிரி. 1993 சிட்னி, வெஸ்ட் இண்டீஸுடன் ஒருநாள் இறுதிப் போட்டி. அவர்களின் வேகப்பந்து வீச்சாளர் கர்ட்லி அம்ப்ரோஸ் கையில் வெள்ளைப் பட்டை போட்டிருந்தார். வெள்ளைப் பந்து சரியாகத் தெரியவில்லை, கழற்றச் சொல்லுங்கள் என்று நடுவரிடம் கேட்டவர் ஜோன்ஸ். கழற்றிவிட்டு அம்ப்ரோஸ் வீசிய வேகத்தை அந்த அணி மறந்திருக்காது. 32 ரன்னுக்கு 5 விக்கெட்.

*

எனக்கு அவர் ஆடியதைப் பார்க்கும் வயதில்லை. கறுப்பு அங்கி மாட்டிக்கொண்டு 'புரொஃபசர் டீனோ' என்று நம் டிவியில் வந்து புள்ளிவிவரத்தோடு பேசியவர், அப்படித்தான் எனக்கு அறிமுகம். மற்றவர்கள் பூசி மெழுகும் இடத்தில் இவர் இவன் சரியில்லை, அணியில் இருக்கக் கூடாது என்று நேராகச் சொல்வார். அப்பாவுக்கு அது பிடிக்கும், எனக்கு எரிச்சலாக இருக்கும். நாங்கள் சண்டை போட்டுக்கொண்டே பார்ப்போம்.

2020இல் ஐபிஎல் துபாய், அபுதாபி, ஷார்ஜாவில் நடந்தது. ஜோன்ஸ் மும்பையில் ஒரு ஹோட்டலில் தங்கி ஸ்டார் ஸ்போர்ட்ஸுக்காகப் பேசிக்கொண்டிருந்தார். செப்டம்பர் 24 மதியம் போனில் செய்தி பார்த்தேன். மாரடைப்பு, 59 வயது. கூட இருந்த முன்னாள் ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் பிரெட் லீ நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கப் பார்த்திருக்கிறார், முடியவில்லை. அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று கொஞ்ச நேரம் அடுக்களையிலேயே நின்றேன். சொன்னதும் டிவியைப் போடாமல் உட்கார்ந்திருந்தார். சேப்பாக்கத்தில் அந்த 210 ரன்னை நேரில் பார்த்தவர் அவர்.

டிசம்பர் 26, மெல்போர்னில் பாக்சிங் டே டெஸ்ட். நம்முடைய ரகானே சதம் அடித்த மேட்ச். அன்று நாங்கள் விடியற்காலை ஐந்து மணிக்கே எழுந்துவிட்டோம். ஜோன்ஸின் டெஸ்ட் தொப்பி எண் 324, அதாவது ஆஸ்திரேலியாவுக்கு டெஸ்ட் ஆடிய 324ஆவது வீரர். விக்டோரியாவுக்காக அவர் எடுத்த அதிகபட்ச ரன்னும் 324. அதனால் மெல்போர்னில் பிற்பகல் 3.24க்கு நினைவஞ்சலி. இங்கே காலை 9.54. தேநீர் இடைவேளையில் அவர் மனைவியும் இரண்டு மகள்களும் மைதானத்துக்குள் நடந்து போய் அவருடைய மட்டை, பச்சைத் தொப்பி, கூலிங் கிளாஸ் மூன்றையும் ஸ்டம்பில் வைத்தார்கள். கூடவே வெள்ளைத் தலையோடு ஒருவர் நடந்து வந்தார்.

"அது யாருப்பா?" என்றேன்.

"பார்டர்மா. அன்னைக்கு வெயில்ல அவனைப் போக விடாம நிக்க வெச்சது இவர்தான்."